வேலையிடத்தில் பெண்களுக்கு என்ன உரிமை? டர்பன் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மேரேபேங்க், டொங்காட் என்று எங்கே போனாலும், கோயில் மண்டபத்திலோ கல்யாண வீட்டிலோ யாராவது ஓரமாகக் கூப்பிட்டு வேலை விஷயமாக ஒரு சந்தேகம் கேட்கிறார்கள். பல வருடமாகக் கேட்கப்படுவது ஏறக்குறைய இதே கேள்விகள்தான். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். தென்னாப்பிரிக்க அரசு இந்த விஷயத்தில் பலமான சட்டங்களைப் போட்டிருக்கிறது. ஆனால் ஒவ்வொரு உரிமைக்கும் ஒரு கெடு உண்டு. கெடு தப்பியதால் நியாயம் தப்பியவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். நாள் கணக்கு வரும் இடங்களை மட்டுமாவது நிதானமாகப் படியுங்கள்.

ஆணும் பெண்ணும் சமம்னு சட்டம் உண்மையிலேயே இருக்கா, இல்லை பேச்சுக்குத்தானா?

இருக்கிறது. 1996-ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 9-ஆம் பிரிவு பால், பாலினம், கர்ப்பம், திருமண நிலை ஆகியவற்றின் பேரில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. அதை வேலையிடத்துக்குக் கொண்டுவருவது 1998-இன் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம். எல்லோரும் எம்ப்ளாய்மென்ட் ஈக்விட்டி என்று சொல்வது இதைத்தான். விடுப்பு, வேலை நேரம் எல்லாம் 1997-இன் அடிப்படை வேலை நிபந்தனைகள் சட்டத்தில் வரும். வேலைநீக்கம் 1995-இன் தொழிலாளர் உறவுச் சட்டத்தில் வரும். பிரசவக் காலப் பணம் யு.ஐ.எஃப். என்ற வேலையின்மைக் காப்பீட்டு நிதியிலிருந்து வரும்.

தகராறு வந்தால் பெரும்பாலும் முதலில் போகவேண்டிய இடம் சி.சி.எம்.ஏ. என்ற சமரச ஆணையம். அங்கே மனு கொடுக்கக் கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.

எங்க கடையில மொத்தமே பன்னிரண்டு பேர்தான். சின்ன இடத்துக்கெல்லாம் இது பொருந்துமா?

பொருந்தும். எம்ப்ளாய்மென்ட் ஈக்விட்டி சட்டத்துக்கு இரண்டு பாகம் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். பாகுபாடு காட்டக்கூடாது, தொல்லை கொடுக்கக்கூடாது, சம வேலைக்குச் சம ஊதியம் என்பது முதல் பாகம். ஒரே ஒருவர் வேலை செய்யும் இடத்துக்கும் அது பொருந்தும். பெண்களையும் மற்ற பின்தங்கவைக்கப்பட்டவர்களையும் மேல்பதவிகளுக்குக் கொண்டுவரத் திட்டம் போட்டு, வருடாவருடம் அரசுக்கு அறிக்கை தரவேண்டும் என்பது இரண்டாம் பாகம். 2025 ஜனவரி 1 முதல் அது 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு மட்டும்தான்.

"நாங்க சின்ன கம்பெனி, எங்களுக்கு ஈக்விட்டி கிடையாது" என்று முதலாளி சொல்வது அந்த இரண்டாம் பாகத்துக்கு மட்டும் சரி.

இன்டர்வியூவில் "எப்போ கல்யாணம், எப்போ குழந்தை"ன்னு கேக்கலாமா?

கேட்கிறார்கள், தெரியும். வேலைக்கு விண்ணப்பிக்கிறவருக்கும் இந்தச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. கர்ப்பம், திருமணம், குடும்பப் பொறுப்பு இவற்றைக் காரணமாக வைத்து உங்களை ஒதுக்கினால் அது சட்டவிரோதம். நீங்களாக வாய்திறந்து "நான் மாசமா இருக்கேன்" என்று சொல்லியாகவேண்டிய கட்டாயமும் இல்லை. கர்ப்பத்தை மறைத்து வேலைக்குச் சேர்ந்தார் என்று ஒரு பயிற்சி வழக்கறிஞரை நீக்கியது தவறு என்று தொழிலாளர் நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது.

நேர்காணல் முடிந்து வெளியே வந்ததும், யார் என்ன கேட்டார்கள் என்று தேதி போட்டு போனில் எழுதிவையுங்கள். ஆறு மாதம் கழித்து நினைவிலிருந்து சொல்வதைவிட, அன்றே எழுதிய நாலு வரிக்கு மதிப்பு அதிகம்.

மாசமா இருக்கேன். எவ்வளவு நாள் லீவு? சம்பளம் வருமா?

சட்டப்படி தொடர்ச்சியாக நான்கு மாதம். குழந்தை பிறக்கும் என்று எதிர்பார்க்கும் தேதிக்கு நான்கு வாரம் முன்பிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். டாக்டர் முன்பே ஓய்வு வேண்டும் என்றால் இன்னும் முன்னதாகவும் எடுக்கலாம். பிறந்த பிறகு ஆறு வாரம் வேலைக்குப் போகக்கூடாது, டாக்டர் எழுத்தில் அனுமதித்தால் தவிர. எப்போது போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று நான்கு வாரம் முன்பாவது எழுத்தில் கொடுக்கவேண்டும். 2025 அக்டோபரில் வந்த தீர்ப்பு இந்தக் கணக்கைப் பெற்றோர் இருவருக்குமாக மாற்றியிருக்கிறது. அதைக் கீழே அப்பாக்கள் கேட்கும் கேள்வியில் பாருங்கள்.

முதலாளி சம்பளம் தந்தே ஆகவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. சில நிறுவனங்கள் தருகின்றன, அரசு ஊழியர்களுக்கு முழுச் சம்பளத்தோடு நான்கு மாதம் உண்டு. மற்றவர்களுக்கு யு.ஐ.எஃப். தான். உங்கள் பேஸ்லிப்பை எடுத்துப் பாருங்கள், கழிவுகள் பகுதியில் யு.ஐ.எஃப். என்று சம்பளத்தில் நூற்றுக்கு ஒன்று பிடித்திருக்கும். முதலாளி இன்னொரு ஒன்று கட்டவேண்டும். 13 வாரமாவது கட்டியிருந்தால் சம்பளத்தில் 66 சதவீதம், 17.32 வாரத்துக்குக் கிடைக்கும். மாதம் 8,000 ராண்ட் வாங்குகிறவருக்கு 5,280 ராண்ட். கணக்கில் எடுக்கும் உச்சவரம்பு மாதம் 17,712 ராண்ட், அதற்கு மேல் எவ்வளவு வாங்கினாலும் கணக்கு அதோடு நின்றுவிடும். குழந்தை பிறந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் மனு போடவேண்டும்.

பேஸ்லிப்பில் பிடித்துவிட்டு நிதிக்குக் கட்டாமல் விட்டவர்களும் உண்டு. அதனால் ஏழாம் எட்டாம் மாதம் வரை காத்திருக்காதீர்கள். இப்போதே தொழிலாளர் துறையின் லேபர் சென்டரிலோ யுஃபைலிங் இணையதளத்திலோ உங்கள் பெயரில் பணம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பிரசவப் பணம் வாங்கினால் பிற்பாடு வேலை போகும்போது கிடைக்கும் பணம் குறைந்துவிடுமோ என்ற பயம் பலருக்கு இருக்கிறது. குறையாது.

மாசமா இருக்கேன்னு சொன்ன அடுத்த வாரமே "இனி வர வேண்டாம்"னு சொல்லிட்டாங்க. புரொபேஷன்லதான் இருந்தேன். ஏதாவது செய்ய முடியுமா?

முடியும், ஆனால் இன்றைக்கே தொடங்குங்கள். கர்ப்பம் காரணமாகவோ அதைச் சார்ந்த காரணத்துக்காகவோ வேலையை விட்டு எடுப்பது சட்டத்தின் பார்வையில் தன்னாலேயே அநியாயமான நீக்கம். புரொபேஷன், ஒப்பந்தம், சேர்ந்து ஒரு வாரம் என்ற கணக்கெல்லாம் இதில் எடுபடாது. நீதிமன்றம் வேலையைத் திரும்பக் கொடுக்கச் சொல்லலாம், அல்லது 24 மாதச் சம்பளம் வரை இழப்பீடு விதிக்கலாம். சாதாரண அநியாய நீக்கத்துக்கு உச்சம் 12 மாதம்தான்.

கெடு 30 நாள், வேலை போன நாளிலிருந்து. 7.11 என்ற எண்ணுள்ள படிவத்தை நிரப்பி, ஒரு பிரதியை முதலாளிக்கு அனுப்பி, அனுப்பியதற்கு அத்தாட்சியோடு சி.சி.எம்.ஏ.வில் கொடுக்கவேண்டும். தையல் ஆலை மாதிரித் தொழிலில் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து நடத்தும் பேரப் பேச்சு மன்றம் (பார்கெய்னிங் கவுன்சில்) இருந்தால் நீக்கத் தகராறு அங்கே போகும். முதலில் சமரசப் பேச்சு. அது தோற்றால் 90 நாளுக்குள் தொழிலாளர் நீதிமன்றம். அந்தக் கட்டத்தில் சட்ட உதவி வேண்டியிருக்கும், லீகல் எய்ட் அலுவலகத்தில் கேளுங்கள். 30 நாள் தாண்டிவிட்டால் தாமதத்துக்குக் காரணம் எழுதி மன்னிப்பு மனு போடலாம், ஆனால் ஏற்பதும் மறுப்பதும் அவர்கள் கையில்.

முதலாளி "கர்ப்பத்துக்காக எடுக்கவில்லை, வேலை சரியில்லை" என்றுதான் சொல்வார். அப்போது கைகொடுப்பது தேதிகள்தான். எனக்குத் தெரிந்த ஒரு பெண், தான் செய்தி சொன்ன வாட்ஸ்அப், அதற்கு நான்கு நாள் முன்பு மேலாளர் "இந்த மாத டார்கெட் சூப்பர்" என்று அனுப்பிய செய்தி, நீக்கக் கடிதம் மூன்றையும் ஒரே தாளில் அடுத்தடுத்து அச்சிட்டுக்கொண்டு போனாள். சமரசப் பேச்சு அன்றைக்கே முடிந்தது.

குழந்தை தங்கலை. லீவும் பணமும் கேக்கவே கூச்சமா இருக்கு. கேக்கலாமா?

கேளுங்கள், தாயே. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் கரு கலைந்தாலும், குழந்தை இறந்து பிறந்தாலும் ஆறு வார விடுப்பு சட்டப்படி உங்களுடையது. யு.ஐ.எஃப். பணமும் 17.32 வாரத்துக்கு முழுதாக உண்டு. இதைப் பலரும் சொல்லித் தருவதில்லை. உங்களால் அலைய முடியாது என்றால் வீட்டில் யாராவது டாக்டர் சான்றிதழையும் படிவத்தையும் தயார் செய்யட்டும்.

பக்கத்துல அதே வேலை செய்யிற அண்ணனுக்கு என்னைவிட சம்பளம் கூட. கேட்டா "சம்பளத்தைப் பத்திப் பேசக்கூடாது"ங்கறாங்க.

இரண்டு விஷயம் இதில் இருக்கிறது. முதலாவது, பேசலாம். அடிப்படை வேலை நிபந்தனைகள் சட்டத்தின் 78-ஆம் பிரிவு, உங்கள் சம்பளத்தையும் நிபந்தனைகளையும் சக ஊழியரோடு பேசும் உரிமையைத் தருகிறது. அதைத் தடுத்து ஒப்பந்தத்தில் எழுதினாலும் செல்லாது. இந்த ஒரு வரி தெரியாததால்தான் பல இடங்களில் வித்தியாசம் வெளியே வராமலே இருக்கிறது.

இரண்டாவது, 2014 ஆகஸ்ட் 1 முதல் ஒரே முதலாளியிடம் ஒரே வேலை, ஏறக்குறைய ஒரே வேலை, அல்லது சம மதிப்புள்ள வேலை செய்கிறவர்களுக்குப் பால் காரணமாக ஊதியம் வேறுபட்டால் அது பாகுபாடு. மூன்றாவதாகச் சொன்ன "சம மதிப்பு" முக்கியம். ஓவர்லாக் மெஷினில் உட்காரும் பெண்ணும் கட்டிங் மேசையில் நிற்கும் ஆணும் செய்வது ஒரே வேலை இல்லை. ஆனால் பொறுப்பு, திறமை, உழைப்பு, வேலைச் சூழல் என்று நான்கையும் எடைபோட்டால் மதிப்பு சமமாக வரலாம். கட்டிங் என்றால் ஆண் வேலை, அதனால் கூட என்ற பழைய வழக்கத்தை இங்கே கேள்வி கேட்க முடியும்.

அந்த அண்ணன் பத்து வருடம் மூத்தவர், படிப்பு கூட, அல்லது அளந்து பார்த்த வேலைத்திறன் கூட என்றால் சம்பளம் கூட இருப்பது தவறில்லை. எல்லோருக்கும் ஒரே அளவுகோல் வைத்திருக்கவேண்டும், அவ்வளவுதான். பெண் என்பதற்காகக் குறைவு என்று நீங்கள் முன்வைத்தால், அப்படி இல்லை அல்லது அது நியாயமானது என்று நிரூபிக்கும் பாரம் முதலாளியின் மேல். கெடு ஆறு மாதம். தையல் ஆலையாக இருந்தாலும் பாகுபாட்டுப் புகார் சி.சி.எம்.ஏ.வுக்குப் போகும்.

சூப்பர்வைசர் ராத்திரியில வாட்ஸ்அப் அனுப்புறார். வேலை நேரத்துல இல்லையே, இதுக்குப் புகார் கொடுக்க முடியுமா?

முடியும். 2022 மார்ச் 18 முதல் நடப்பில் உள்ள தொல்லை தடுப்பு நெறிமுறை ஆன்லைனில் நடப்பதையும், வேலைக்குப் போகும் வழியையும், கம்பெனி விருந்தையும் சேர்த்துத்தான் சொல்கிறது. தொல்லை கொடுப்பவர் மேலதிகாரியாக இருக்கவேண்டும் என்பதும் இல்லை, வாடிக்கையாளராகவும் சரக்கு கொண்டுவருகிறவராகவும் இருக்கலாம். "விளையாட்டுக்குச் செய்தேன்" என்பது விடையாகாது. கடுமையானதென்றால் ஒரே ஒரு தடவையும் போதும். வேலையிட வன்முறை பற்றிய 190-ஆம் எண் சர்வதேச ஒப்பந்தத்தையும் தென்னாப்பிரிக்கா 2021-இல் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

முதலில் நிர்வாகத்துக்கு எழுத்தில் சொல்லுங்கள். எம்ப்ளாய்மென்ட் ஈக்விட்டி சட்டத்தின் 60-ஆம் பிரிவின்படி, தெரிந்த பிறகும் நடவடிக்கை எடுக்காத முதலாளியே அந்தக் குற்றத்துக்குப் பொறுப்பாளி ஆகிறார். வாயால் சொன்னால் "எங்களுக்குத் தெரியாது" என்று கை விரிக்க வழி கிடைக்கும். மின்னஞ்சல் போதும், வாட்ஸ்அப்பும் போதும், தேதி இருந்தால் சரி. கெடு மேலே சொன்ன அதே ஆறு மாதம். பாலியல் தொல்லை வழக்கில் சமரசம் தோற்றால் சி.சி.எம்.ஏ.விலேயே நடுவர் தீர்ப்பும் கேட்கலாம். அந்தச் செய்திகளை அருவருப்பில் அழித்துவிடாதீர்கள். நம்பிக்கையான ஒருவரின் போனுக்கு அனுப்பிவிட்டு அப்புறம் கண்ணில் படாமல் வையுங்கள்.

நம் வீடுகளில் இதை "வெளியே சொன்னா குடும்ப மானம் போகும்" என்று அடக்கிவிடுகிறார்கள். அம்மாக்களிடம் மனமாரக் கேட்டுக்கொள்கிறேன், பெண் பிள்ளை வந்து சொன்னால் முதல் கேள்வியாக "நீ என்ன செஞ்சே" என்று கேட்காதீர்கள்.

நான் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவள். இந்த நாட்டுக் குடிமகள் இல்லை. எனக்கும் உண்டா?

பாதுகாப்பு உண்டு, முன்னுரிமை இல்லை. பாகுபாடு, தொல்லை, சம ஊதியம், கர்ப்பக் காலப் பாதுகாப்பு எல்லாம் இங்கே வேலை செய்யும் எல்லோருக்கும் பொதுவானவை. விசா சரியில்லாத ஊழியரும் தொழிலாளர் சட்டத்தின்படி ஊழியரே என்று 2008-இல் தொழிலாளர் நீதிமன்றம் சொன்னது. அதனால் "உன் பெர்மிட்டைச் சொல்லிக்கொடுத்துவிடுவேன்" என்ற மிரட்டலுக்குப் பயந்து உரிமையை விடவேண்டாம். ஆனால் நியமனத்திலும் பதவி உயர்விலும் முன்னுரிமை பெறும் பிரிவுகளில் குடிமக்கள் மட்டும்தான் வருவார்கள். அதிலும் 1994 ஏப்ரல் 27-க்குப் பிறகு குடியுரிமை வாங்கியவர்கள் பெரும்பாலும் வரமாட்டார்கள்.

ஈக்விட்டின்னு சொன்னாலே நம்ம ஆளுங்களுக்கு வேலை கிடையாதுன்னுதானே அர்த்தம்?

இது கோபத்தோடு வரும் கேள்வி. முதலில் சட்டம் சொல்வதைப் பார்ப்போம். கறுப்பின மக்கள் என்ற சட்டச் சொல்லில் ஆப்பிரிக்கர், கலப்பினத்தவர், இந்தியர் மூவரும் அடக்கம். பெண்கள் எந்த இனமானாலும் தனிப் பிரிவு. ஆக இந்தியப் பெண் இரண்டு வழியிலும் வருகிறாள். முழு ஒதுக்கீடு வைப்பதையும், ஒரு பிரிவினருக்கு வாசலை அடியோடு அடைப்பதையும் சட்டத்தின் 15-ஆம் பிரிவு ஏற்கவில்லை.

ஆனாலும் பெண் என்பதால் அல்லது இந்தியர் என்பதால் வேலை உறுதி என்று நினைக்கவும் கூடாது. 2016-இல் சிறைத்துறை வழக்கில் அரசியலமைப்பு நீதிமன்றம் இரண்டு விஷயம் சொன்னது. ஒரு பதவி மட்டத்தில் ஏற்கெனவே கூடுதலாக உள்ள பிரிவைச் சேர்ந்தவரை, அவர் கறுப்பினத்தவரோ பெண்ணோ ஆனாலும், மறுக்கலாம். ஆனால் நாட்டு மக்கள்தொகையை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டு மாகாண மக்கள்தொகையை விட்டுவிட்டது தவறு. இந்தியர்கள் அதிகம் வாழும் குவாசூலு-நட்டாலுக்கு இந்த இரண்டாவது வாசகம் எவ்வளவு முக்கியம் என்று சொல்லவேண்டியதில்லை.

2025 ஏப்ரலில் அரசு 18 தொழில் துறைகளுக்கு ஐந்தாண்டு இலக்குகளை வெளியிட்டது. பெரிய நிறுவனம் திட்டமே போடாவிட்டால் 15 லட்சம் ராண்ட் அல்லது விற்றுமுதலில் 2 சதவீதம், எது அதிகமோ அதிலிருந்து அபராதம் தொடங்குகிறது. உழைப்புச் சந்தையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகப் பெண்கள் இருக்கும் நாட்டில், நிறுவனங்களின் உச்சப் பதவிகளில் அவர்கள் நான்கில் ஒருவர் என்ற அளவில்தான் இருக்கிறார்கள். 1998-லிருந்து சட்டம் இருந்தும் இவ்வளவுதான். இலக்கு தேவைப்பட்டதன் காரணம் அதுவே என்பது என் கருத்து.

என் மனைவிக்குக் குழந்தை பிறக்கப்போகுது. இனி அப்பாவுக்கும் மாசக்கணக்கில் லீவுங்கறாங்களே, நிஜமா?

2020 ஜனவரி 1 முதல் அப்பாவுக்குத் தொடர்ச்சியாக 10 நாள் இருந்தது. 2025 அக்டோபர் 3 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம், குழந்தை வளர்ப்பை அம்மாவின் தலையில் மட்டும் கட்டும் இந்த ஏற்பாடு சமத்துவத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது. நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்த 36 மாதம் அவகாசம். அதுவரை நடைமுறை இதுதான்: பெற்றோர் இருவரும் வேலையில் இருந்தால் இருவருக்கும் சேர்த்து நான்கு மாதமும் 10 நாளும். சேர்ந்தாற்போலவோ ஒருவர் பின் ஒருவராகவோ பிரித்து எடுத்துக்கொள்ளலாம். ஒத்துவராவிட்டால் கூடியவரை சரிபாதி. பெற்றோரில் ஒருவர் மட்டும் வேலையில் இருந்தால் அவருக்கு நான்கு மாதம்.

பெற்றெடுத்த அம்மா பிரசவத்துக்கு முன்னும் பின்னும் ஓய்வெடுக்கும் காலத்தில் அப்பா கை வைக்க முடியாது. பணம் வேறு கணக்கு. அப்பா எடுக்கும் எல்லா நாளுக்கும் யு.ஐ.எஃப். வரும் என்று நம்பிப் பிரித்துவிடாதீர்கள். லேபர் சென்டரில் கேட்டுக்கொண்டு, அப்புறம் இரண்டு முதலாளிக்கும் எழுத்தில் கொடுங்கள்.

மச்சான் கடையிலதான் வேலை. லெட்டரும் இல்லை, பேஸ்லிப்பும் இல்லை. சொந்தக்காரங்ககிட்ட என்ன கேக்க முடியும்?

காகிதம் இல்லாததால் நீங்கள் ஊழியர் இல்லை என்று ஆகிவிடாது. எப்போது வரவேண்டும், என்ன செய்யவேண்டும் என்று அவர் சொல்கிறார், நீங்கள் அவருடைய பொருளை வைத்து வேலை செய்கிறீர்கள், அந்த வருமானத்தை நம்பி இருக்கிறீர்கள். இதில் ஒன்று இருந்தாலும் நடுத்தர வருமானம் வரை சட்டம் உங்களை ஊழியர் என்றே எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டவேண்டியது அவர் பொறுப்பு.

வழக்கு என்று போவதற்கு முன், "மச்சான், என் பேரை யு.ஐ.எஃப்.ல பதிஞ்சு வைங்க, நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா உங்க கைக்காசு போகாது" என்று கேட்டுப்பாருங்கள். இந்தப் பேச்சுக்குப் பெரும்பாலும் பலன் உண்டு.

எங்க ஆயா காலத்துல இந்தச் சட்டமெல்லாம் இல்லையே, அவங்க உழைக்கலையா?

உழைத்தார்கள், பாதிக் கூலிக்கு. 1860 நவம்பரில் ஒப்பந்தத் தொழிலாளர்களோடு ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பனுக்கு வந்த காலத்தில் கரும்புத் தோட்டத்து ஆணுக்கு மாதம் 10 ஷில்லிங், பெண்ணுக்கு அதில் பாதி. ஒப்பந்தம் முடிந்த பிறகு 3 பவுண்ட் தலைவரி பெண்களையும் விடவில்லை. அதை எதிர்த்து 1913-இல் நம் தமிழ்ப் பெண்கள் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய்த் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தார்கள். அதே போராட்டத்தில் சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரியில், 16 வயதில் இறந்தாள்.

1956 ஆகஸ்ட் 9 அன்று பிரிட்டோரியா யூனியன் பில்டிங்ஸுக்கு நடந்த 20,000 பெண்களின் முன்வரிசையில் லிலியன் என்கோயி, ஹெலன் ஜோசஃபோடு ரஹீமா மூசாவும் இருந்தார். 1995-இல் வெள்ளையர் அல்லாத முதல் பெண்ணாக உயர் நீதிமன்ற நீதிபதி ஆன நவநீதம் பிள்ளை டர்பனில் பிறந்த தமிழ்ப் பெண். ஆயாக்கள் கேட்டதால்தான் இந்தச் சட்டமெல்லாம் வந்தது.

நம்ம வீட்டுல வேலை செய்யிற பெண்ணுக்கும் இதெல்லாம் உண்டா?

இதைக் கேட்பவர்கள் குறைவு, இன்னும் நிறையப் பேர் கேட்கவேண்டும். உண்டு. மாதத்துக்கு 24 மணி நேரத்துக்கு மேல் உங்களிடம் வேலை செய்கிறார் என்றால் நீங்களே முதலாளி. யு.ஐ.எஃப். பதிவு, மகப்பேறு விடுப்பு, கர்ப்பத்துக்காக நீக்கக்கூடாது என்ற விதி எல்லாம் அப்படியே பொருந்தும். குறைந்தபட்சக் கூலி 2025 மார்ச் 1 அன்று மணிக்கு 28.79 ராண்ட் ஆனது, ஒவ்வொரு மார்ச்சிலும் மாறும். இரண்டு மணி நேரம் வரச்சொன்னாலும் நான்கு மணி நேரக் கூலி தரவேண்டும்.

வீட்டில் அடிபட்டால் இழப்பீட்டு நிதியும் உண்டு. 2012-இல் முதலாளி வீட்டு நீச்சல் குளத்தில் ஒரு வீட்டுப் பணியாளர் மூழ்கி இறந்தார். அவர் குடும்பத்துக்கு அந்த நிதியிலிருந்து ஒன்றும் கிடைக்காததை எதிர்த்து நடந்த வழக்கில், 2020 நவம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் அவர்களையும் சேர்க்கச் சொன்னது. ஆகவே யு.ஐ.எஃப். ஒரு பதிவு, இழப்பீட்டு நிதி இன்னொரு பதிவு. இரண்டையும் செய்துவிட்டு, பதிவு எண்களை அவர் கையிலும் எழுதிக் கொடுங்கள்.